முப்பத்தோர் ஆண்டுகள் காத்திருந்த மருத்துவமனை

சிரம்பானைச் சுற்றியுள்ள தோட்டப்புறங்களில் ஒரு பழக்கம் இன்னும் முழுதாகப் போகவில்லை. யாருக்காவது புற்றுநோய் என்று தெரிந்துவிட்டால் பெரியவர்கள் அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். குரலைத் தாழ்த்தி, அந்த நோய் என்று மட்டும் சொல்வார்கள். பிள்ளைகள் பக்கத்தில் இருந்தால் அதையும் சொல்லாமல் கண்ணைக் காட்டுவார்கள்.

ரந்தாவிலோ, லாபுவிலோ, பகாவிலோ ஒரு குடும்பத்துக்கு இந்தச் செய்தி வந்து சேரும்போது மூன்று கேள்விகள் எழுகின்றன. எங்கே போவது? எவ்வளவு செலவாகும்? போய்ப் பயன் உண்டா?

முதல் இரண்டுக்கும் இன்று நம்மிடம் பதில் இருக்கிறது. சிரம்பானில் துவாங்கு ஜாபார் மருத்துவமனை இருக்கிறது. மேல்சிகிச்சைக்குக் கோலாலம்பூர் மருத்துவமனையும், 2013ஆம் ஆண்டில் புத்ராஜெயாவில் திறக்கப்பட்ட தேசியப் புற்றுநோய்க் கழகமும் இருக்கின்றன. அரசு மருத்துவமனையில் கட்டணமும் குறைவு. ஆனால், மூன்றாவது கேள்விதான் ஆபத்தானது. எப்படியும் இறக்கப் போகிறவருக்கு எதற்கு இவ்வளவு செலவு என்ற எண்ணம் அதற்குள் ஒளிந்திருக்கிறது.

இதே எண்ணத்தை ஒரு பெண் தம் வாழ்நாளில் பாதியை எதிர்த்துப் போராடிக் கழித்தார். வீட்டில் மட்டுமல்ல, அரசாங்கத்திடமும் அதை எதிர்த்து நின்றார். அவர்தான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. பிரிட்டிஷ் இந்தியாவில் சட்டமன்றம் சென்ற முதல் பெண், தேவதாசி முறையை ஒழிக்கப் பாடுபட்டவர் என்று அவரைப் பற்றிப் படித்திருப்பீர்கள். அவர் எழுப்பிய புற்றுநோய் மருத்துவமனையின் கதையைப் பலர் அறிவதில்லை.

கல்லூரிக் கதவைத் திறந்த மாணவி

முத்துலட்சுமி 1886 ஜூலை 30ஆம் தேதி புதுக்கோட்டை சமஸ்தானத்தில் பிறந்தார். நம் முன்னோர் பலர் கங்காணிகளோடு மலாயாவுக்குக் கப்பலேறிய அதே காலம், அதே தமிழ்நாட்டுப் பகுதி. தந்தை நாராயணசாமி ஐயர் கல்வியாளர். புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் முதல்வராக இருந்தவர். தாய் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்த குடும்பத்தைச் சேர்ந்தவர். இருவரும் வெவ்வேறு சமூகத்தினர். தந்தையின் சுற்றத்தார் அந்த உறவை ஏற்கவில்லை. ஊர் எப்படிப் பார்க்கும் என்பதைச் சின்ன வயதிலேயே முத்துலட்சுமி தெரிந்துகொண்டார்.

அக்காலத்தில் பெண் பிள்ளை வயதுக்கு வந்துவிட்டால் பள்ளிக்கூடம் நின்றுவிடும். முத்துலட்சுமியின் படிப்பு வீட்டில் தொடர்ந்தது. 1902இல் மெட்ரிகுலேஷன் தேர்வில் தேறினார். அடுத்துக் கல்லூரி. ஆனால், புதுக்கோட்டையில் இருந்ததோ ஆண்கள் படிக்கும் மகாராஜா கல்லூரி. ஒரு பெண் உள்ளே வந்தால் பையன்கள் கெட்டுப்போவார்கள் என்றனர் சிலர். தாயின் குலத்தைச் சொல்லி மறுத்தனர் வேறு சிலர். அன்றைய மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அந்த எதிர்ப்புகளைப் பொருட்படுத்தவில்லை. அனுமதி கொடுத்ததோடு படிக்க உதவித்தொகையும் வழங்கினார்.

1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1912இல் பதக்கங்களும் பரிசுகளும் பெற்று மருத்துவரானார். பார்வைக் குறையும் ஆஸ்துமாவும் உடனிருந்து தொல்லை கொடுத்த உடம்பு அது. அந்த உடம்போடுதான் இந்த வெற்றி.

1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். கணவர் தம்மைச் சமமாக நடத்த வேண்டும், தம் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்பது திருமணத்துக்கு முன்பே அவர் வைத்த நிபந்தனை. சுந்தர ரெட்டி ஒப்புக்கொண்டார். சொன்ன சொல்லையும் காப்பாற்றினார்.

1923: ஒரு தங்கையின் மரணம்

சென்னையில் முத்துலட்சுமியின் மருத்துவத் தொழில் நன்றாக நடந்துகொண்டிருந்த நேரம். அவருடைய தங்கைக்கு நோய் வந்தது. மலக்குடல் புற்றுநோய். அக்காள் மருத்துவர், அக்காளின் கணவரும் மருத்துவர். சென்னையின் பெரிய மருத்துவர்கள் எல்லாரையும் அவர்களுக்குத் தெரியும். இருந்தும் 1923இல் தங்கை இறந்துபோனார்.

இதைச் சற்று யோசித்துப் பாருங்கள், மாணவர்களே. வறுமையால் சிகிச்சை கிடைக்காமல் போவது ஒரு வகைத் துயரம். இங்கே காசும் இருந்தது, படிப்பும் இருந்தது, வீட்டுக்குள்ளேயே மருத்துவர்களும் இருந்தார்கள். இல்லாதது ஒன்றே ஒன்றுதான்: அந்த நோயை முறையாகப் பார்ப்பதற்கென்று ஓர் இடம். தென்னிந்தியா முழுவதிலும் புற்றுநோய்க்கென்று தனி மருத்துவமனை எதுவும் அன்று இல்லை.

ஒரு மருத்துவர் தம் சொந்த வீட்டிலேயே கைகட்டி நிற்க நேர்ந்தது. அந்த வேதனை முத்துலட்சுமியின் மனத்தில் ஆழமாகத் தங்கிவிட்டது.

1925இல் அரசு உதவித்தொகையில் மேல்பயிற்சிக்காக இங்கிலாந்து சென்றார். பெண்கள், குழந்தைகள் மருத்துவம்தான் அவர் படிக்கப் போன துறை. ஆனால், லண்டனில் இருந்த ராயல் புற்றுநோய் மருத்துவமனையையும் சென்று பார்த்தார். இன்று ராயல் மார்ஸ்டன் என்று அழைக்கப்படுவது அதுதான். அதன் தொடக்கமும் ஒரு மரணத்தில்தான் இருந்தது. வில்லியம் மார்ஸ்டன் என்ற மருத்துவர் தம் மனைவியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த பின், 1851இல் ஏழைகளுக்கான இலவச மருத்துவமனையாக அதைத் தொடங்கினார்.

அங்கே நோயாளிகளுக்கு அறுவை சிகிச்சையும் கதிர்வீச்சுச் சிகிச்சையும் நடந்தன. நோயை ஆராயவும் செய்தார்கள். இப்படி ஒன்று சென்னையிலும் வேண்டும் என்ற எண்ணம் அங்கேதான் உறுதிப்பட்டது.

சட்டமன்றத்துக்குள் ஒரு மருத்துவர்

நாடு திரும்பியவரை வேறொரு வேலை அழைத்தது. சென்னைச் சட்டமன்ற மேலவைக்கு ஒரு பெண்ணை நியமிக்க வேண்டும் என்று இந்திய மாதர் சங்கம் கேட்டுவந்தது. 1917இல் அடையாறில் தொடங்கப்பட்ட சங்கம் அது. முத்துலட்சுமியின் பெயரை முன்மொழிந்தார்கள். மருத்துவப் பணி பாதிக்கப்படுமே என்று முதலில் தயங்கினார், பிறகு ஒப்புக்கொண்டார். 1927இல் அவையின் துணைத் தலைவராக ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அவையில் இருந்த சில ஆண்டுகளில் அவர் எடுத்த வேலைகளின் பட்டியல் நீளமானது. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் நல்ல மருத்துவ வசதி வேண்டும் என்றார். பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்றார். குழந்தைத் திருமணத்தை எதிர்த்தார். கோயிலுக்குப் பெண்களை நேர்ந்துவிடும் தேவதாசி முறையை ஒழிக்கச் சட்டம் கொண்டுவந்தார். மரபு, கலை, பண்பாடு என்று சொல்லி அன்றைய பெரிய மனிதர்கள் சிலர் அதை எதிர்த்தார்கள். 1929இல் முதல் சட்டத் திருத்தம் நிறைவேறியது. முழுமையான தடைச் சட்டம் வர 1947 ஆனது. 1930இல் காந்தியடிகள் கைது செய்யப்பட்டபோது, அதைக் கண்டித்துப் பதவியைத் துறந்து வெளியே வந்தார்.

ஆதரவற்ற பெண்களுக்காக அவர் தொடங்கிய அவ்வை இல்லமும் அந்தக் காலத்தில் பிறந்ததுதான். அடைக்கலம் தேடி வந்த பெண்களைத் தம் வீட்டிலேயே தங்கவைத்து அதைத் தொடங்கினார்.

இந்தப் பணிகளிலிருந்து அவர் ஒன்றைக் கற்றுக்கொண்டிருக்க வேண்டும். ஒரு நல்ல காரியம் நியாயமானது என்பதாலேயே நடந்துவிடாது. சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். ஆள் சேர்க்க வேண்டும். பணம் திரட்ட வேண்டும். கதவு மூடினால் இன்னொரு நாள் வந்து தட்ட வேண்டும்.

இறக்கத்தானே போகிறார்கள்?

1935இல் சென்னை மருத்துவக் கல்லூரி தன் நூற்றாண்டைக் கொண்டாடியது. அந்த விழாவில் பேசிய முத்துலட்சுமி, புற்றுநோய்க்கென்று ஒரு மருத்துவமனை அமைய வேண்டும் என்ற தம் ஆசையை எல்லார் முன்னிலையிலும் வெளியிட்டார். தங்கை இறந்து அப்போது 12 ஆண்டுகள் ஆகியிருந்தன.

கைத்தட்டல் கிடைத்தது. மருத்துவமனை கிடைக்கவில்லை.

உலகப் போர் வந்தது. 1941இல் பம்பாயில் டாட்டா நினைவு மருத்துவமனை திறக்கப்பட்டது. தெற்கே ஒன்றும் நடக்கவில்லை. இந்தியா விடுதலை பெற்ற பிறகும் அவர் அரசின் கதவைத் தட்டினார். புற்றுநோய் வந்தவர்கள் எப்படியும் இறக்கத்தானே போகிறார்கள், அவர்களுக்கு எதற்குத் தனி மருத்துவமனை என்ற பொருளில் அமைச்சரிடமிருந்து பதில் வந்ததாக, பின்னாளில் அந்த மருத்துவமனையை நடத்திய டாக்டர் சாந்தா நினைவுகூர்ந்திருக்கிறார்.

இந்தப் பதிலைக் கேட்டவுடன் கோபம் வரும். ஆனால், அதைச் சொன்னவர்களின் இடத்தில் நின்றும் பார்க்க வேண்டும். அன்றைய இந்தியாவில் ஒரு மனிதரின் சராசரி ஆயுள் ஏறக்குறைய 32 ஆண்டுகள்தாம். காலரா, மலேரியா, காசநோய், பிரசவத்தில் தாய் மரணம், பச்சிளம் குழந்தைகளின் மரணம் என்று எல்லாத் திசையிலும் சாவு. கையில் இருக்கும் கொஞ்சப் பணத்தை, காப்பாற்ற முடிந்தவர்களுக்குச் செலவிடுவதா, காப்பாற்ற முடியாதவர்களுக்குச் செலவிடுவதா? கேள்வி கொடுமையாகத் தெரிந்தாலும் அதற்குள் ஒரு கணக்கு இருக்கிறது.

அந்தக் கணக்கில் ஒரு பிழையும் இருக்கிறது. காப்பாற்ற முடியாதவர்கள் என்று எழுதிவைத்த பட்டியல் என்றைக்கும் மாறாது என்று அது நினைக்கிறது. ஒரு நோய்க்கு மருத்துவமனை இல்லை என்றால் அதைப் பார்த்துப் பழகிய மருத்துவர் உருவாக மாட்டார். அவர் இல்லையென்றால் நோயை முன்கூட்டியே கண்டுபிடிக்க ஆளில்லை. முற்றிய பிறகே நோயாளிகள் வருவார்கள், வந்தவர்கள் இறப்பார்கள். இறப்பதைக் காட்டி, பார்த்தீர்களா, செலவிட்டுப் பயனில்லை என்பார்கள். வட்டம் சுற்றிச் சுற்றி வரும். எங்காவது ஓரிடத்தில் அதை யாராவது வெட்டியாக வேண்டும்.

நம் மலாயாத் தோட்டங்களின் வரலாற்றிலும் இப்படி ஒன்று நடந்திருக்கிறது. காட்டை வெட்டித் தோட்டம் திறந்த காலத்தில் மலேரியாவால் தொழிலாளர்கள் கொத்துக் கொத்தாக இறந்தார்கள். மலாயாவுக்கு வந்தால் காய்ச்சலில் சாவது விதி என்றே பலர் நினைத்தார்கள். 1901இல் கிள்ளானில் மால்கம் வாட்சன் என்ற மருத்துவர் சதுப்பு நிலங்களை வடியவைத்துக் கொசுவைக் கட்டுப்படுத்தினார். நோயாளிகளின் எண்ணிக்கை இறங்கியது. விதி என்று சொல்லப்பட்டது வடிகாலில் வடிந்து போனது.

உண்டியலும் ஓலைக் குடிசையும்

அரசை நம்பிக் காத்திருந்தது போதும் என்று மாதர் சங்கத்தின் பெயரில் 1949இல் புற்றுநோய் நிவாரண நிதி ஒன்றைத் தொடங்கினார் முத்துலட்சுமி. அப்போது அவருக்கு வயது 63. ஓய்வெடுக்க வேண்டிய வயதில் பொதுமக்களிடம் நன்கொடை கேட்டுப் போனார். அவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி வெளிநாட்டில் புற்றுநோய் மருத்துவப் பயிற்சி பெற்று வந்து அம்மாவோடு சேர்ந்துகொண்டார்.

1952 அக்டோபரில் சென்னை அடையாறில் பிரதமர் ஜவகர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18ஆம் தேதி புற்றுநோய் மருத்துவமனை செயல்படத் தொடங்கியது. தங்கை இறந்து 31 ஆண்டுகள் ஆகியிருந்தன.

எப்படிப்பட்ட மருத்துவமனை தெரியுமா? மொத்தம் 12 படுக்கைகள். சிறிய கட்டடம், சுற்றிலும் ஓலைக் குடிசைகள். மருத்துவர்களையும் விரல்விட்டு எண்ணிவிடலாம். 1955 ஏப்ரலில் சாந்தா என்ற இளம் மருத்துவர் வந்து சேர்ந்தார். அரசு மருத்துவமனையில் நிரந்தர வேலை காத்திருக்க, அதை விட்டுவிட்டு வந்தவர். முதல் மூன்று ஆண்டுகள் சம்பளமே இல்லை. அதன் பிறகு மாதம் 200 ரூபாயும் வளாகத்திலேயே தங்க இடமும் கொடுத்தார்கள். 2021இல் இறக்கும்வரை அவர் அந்த வளாகத்தை விட்டுப் போகவில்லை.

1957இல் அந்தச் சிறிய மருத்துவமனைக்குக் கனடாவில் செய்த கோபால்ட்-60 கதிர்வீச்சுக் கருவி வந்தது. இந்தியாவிலேயே அதுதான் முதல். அறிவியல் மாணவர்களுக்கு இதன் அருமை புரியும். சாதாரண எக்ஸ்ரே கதிரின் தாக்கம் தோலில்தான் மிக அதிகம், தோல் வெந்துபோகும். கோபால்ட்-60 வெளியிடும் காமா கதிர் உடலுக்குள் ஆழமாகச் சென்று கட்டியைத் தாக்கும். 1951இல்தான் கனடாவில் முதல் நோயாளிகளுக்கு அதைப் பயன்படுத்தினார்கள். ஆறே ஆண்டுகளில், எதற்கு இந்த மருத்துவமனை என்று கேட்கப்பட்ட ஓர் இடத்தில், அது வேலை செய்தது.

இன்னொன்றையும் கவனியுங்கள். படிவம் ஐந்து இயற்பியலில் அரை ஆயுள் என்று படிப்பீர்கள். கோபால்ட்-60இன் அரை ஆயுள் 5.27 ஆண்டுகள். அதாவது, ஐந்தேகால் ஆண்டில் கருவியின் வீரியம் பாதியாகிவிடும். அதே அளவு கதிரைக் கொடுக்க நோயாளி இரண்டு மடங்கு நேரம் படுத்திருக்க வேண்டும். பத்தரை ஆண்டில் கால் பங்குதான் மிஞ்சும். ஆகவே, குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு முறை புதிய கோபால்ட் வாங்கியே ஆக வேண்டும். ரிப்பன் வெட்டித் திறந்ததோடு செலவு முடிவதில்லை. நன்கொடை கேட்கும் வேலைக்கு ஓய்வே கிடையாது என்பதை இந்த ஓர் எண்ணே சொல்லிவிடுகிறது.

காசில்லை என்ற காரணத்தால் யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது என்பது அந்த மருத்துவமனையின் அடிப்படைக் கொள்கையாக அமைந்தது. நோயாளிகளில் பெரும்பாலோர் இலவசமாகவோ, குறைந்த கட்டணத்திலோ சிகிச்சை பெற்றார்கள். நோயாளியைப் பார்ப்பதோடு ஆய்வும் பயிற்சியும் நடந்தன. லண்டனில் அவர் பார்த்துவிட்டு வந்தது அதைத்தானே?

1956இல் இந்திய அரசு முத்துலட்சுமிக்குப் பத்மபூஷண் விருது வழங்கியது. 1968 ஜூலை 22ஆம் தேதி, 82ஆவது பிறந்தநாளுக்குச் சில நாட்களே இருந்தபோது, அவர் மறைந்தார். 12 படுக்கைகளோடு தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை இன்று ஏறக்குறைய 500 படுக்கைகளோடு நிற்கிறது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் அவருடைய பிறந்தநாளை மருத்துவமனை நாளாகக் கொண்டாடுகிறார்கள். ஏழைக் கர்ப்பிணிகளுக்கான மகப்பேறு நிதியுதவித் திட்டத்துக்கும் அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

கணக்கு எப்படி மாறியது?

இறக்கத்தானே போகிறார்கள் என்ற வாதம் என்ன ஆனது? இரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளை எடுத்துக்கொள்வோம். 1940களில் அந்த நோய் வந்த குழந்தை சில மாதங்களில் இறந்துவிடும். விதிவிலக்கு கிடையாது. 1947, 1948இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர் ஒரு மருந்தைக் கொடுத்து, சில குழந்தைகளின் நோயைத் தற்காலிகமாக அடக்கிக் காட்டினார். அந்தக் குழந்தைகள் பிழைக்கவில்லை. ஆனால், ஒரு கதவு திறந்தது. மருந்துக்கு மேல் மருந்தாக, ஆய்வுக்கு மேல் ஆய்வாகப் பல பத்தாண்டுகள் பணம் செலவிட்டார்கள். குழந்தைகளிடம் அதிகம் காணப்படும் இரத்தப் புற்று வகையில், நல்ல சிகிச்சை கிடைக்கும் நாடுகளில் இன்று பத்தில் ஒன்பது குழந்தைகள் பிழைக்கிறார்கள். முதல் நாளே பயனில்லை என்று பையை மூடியிருந்தால் இந்த ஒன்பது பேரும் இல்லை.

அதே கேள்வி இன்று மூளைப் புற்றுநோயின் முன் நிற்கிறது. அதில் மிகக் கொடியதான கிளையோபிளாஸ்டோமா வந்தவர்களில் பாதிப் பேர், முழுச் சிகிச்சை பெற்றாலும், ஏறக்குறைய 15 மாதங்களுக்கு மேல் வாழ்வதில்லை. அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு, டெமோசோலோமைடு மாத்திரை என்ற முறை 2005இல் நிலைபெற்றது. அதற்குப் பின் பெரிய மாற்றம் இல்லை. காரணங்கள் உண்டு. இரத்தத்தில் உள்ள பொருள்கள் மூளைக்குள் புகாதபடி இயற்கையே ஒரு தடுப்பைப் போட்டிருக்கிறது. மருந்தும் அதைத் தாண்டத் திணறுகிறது. மார்பகப் புற்று, குடல் புற்று போல நோயாளிகள் அதிகம் இல்லை. ஆள் குறைவு என்றால் மருந்து விற்பனை குறைவு. ஆய்வுக்கு வரும் பணமும் குறைவு. எப்படியும் இறக்கத்தானே போகிறார்கள் என்ற பழைய பதில் இங்கே வேறு சட்டை போட்டு நிற்கிறது.

2018 ஜனவரியில் பிரிட்டன் நாடாளுமன்றத்தின் பிரபுக்கள் சபையில் டெசா ஜோவல் என்ற முன்னாள் அமைச்சர் எழுந்து பேசினார். அவருக்கே மூளைப் புற்றுநோய். தமக்காக அல்ல, பின்னால் வருபவர்களுக்காக ஆய்வும் சிகிச்சை வாய்ப்பும் பெருக வேண்டும் என்று கேட்டார். அந்த ஆண்டு மே மாதம் இறந்தார். அவர் மறைந்தவுடன் பிரிட்டிஷ் அரசு மூளைப் புற்றுநோய் ஆய்வுக்கான நிதியை 4 கோடி பவுண்டுக்கு உயர்த்துவதாக அறிவித்தது. அந்தப் பணம் ஆய்வாளர்களின் கைக்குப் போய்ச் சேர்வதில் தாமதம் என்ற குறையும் பிறகு எழுந்தது. முத்துலட்சுமி இருந்திருந்தால் வியந்திருக்க மாட்டார். அறிவிப்புக்கும் மருத்துவமனைக் கட்டிலுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்பது அவருக்குத் தெரியும்.

நம் பக்கம் திரும்பினால்

மலேசியாவில் 1966இலேயே தேசியப் புற்றுநோய்ச் சங்கம் தோன்றிவிட்டது. 1994இல் மாக்னா என்று அழைக்கப்படும் தேசியப் புற்றுநோய் மன்றம் வந்தது. மருத்துவமனைகளும் இருக்கின்றன. ஆனால், தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின் 2012 முதல் 2016 வரையிலான கணக்கைப் பார்த்தால் ஓர் உண்மை உறுத்துகிறது. நோய் கண்டறியப்பட்டவர்களில் 60 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் மூன்றாம், நான்காம் கட்டத்தில்தான் வந்திருக்கிறார்கள். கதவு திறந்திருக்கிறது, உள்ளே போகத்தான் தாமதம்.

ஏன் தாமதம்? பயம் ஒரு காரணம். வெட்கம் ஒரு காரணம். முதலில் சாமி பார்ப்போம், நாட்டு மருந்து பார்ப்போம் என்பது இன்னொரு காரணம். ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வர முடியாது என்பதும், மருத்துவமனைக்குக் கூட்டிப்போக வண்டி இல்லை என்பதும் தோட்டப்புறத்தில் உண்மையான காரணங்கள். எல்லாவற்றுக்கும் அடியில் அந்த மூன்றாவது கேள்வி இருக்கிறது. போய்ப் பயன் உண்டா?

மாணவர்களே, வீட்டில் அந்தக் கேள்வியை எழுப்புகிறவர் உங்கள் பாட்டியாக இருக்கலாம், மாமாவாக இருக்கலாம். மருத்துவமனை அட்டையைப் படித்துச் சொல்லவும், மலாய்மொழியில் மருத்துவரிடம் விளக்கவும், தேதியை நினைவூட்டவும் அந்த வீட்டில் நீங்கள்தான் இருப்பீர்கள். மார்பில் கட்டி, ஆறாத வாய்ப்புண், மலத்தில் இரத்தம், காரணமில்லாத எடைக் குறைவு என்றால் தள்ளிப்போட விடாதீர்கள். எல்லாத் தலைவலியும் மூளைக்கட்டி அல்ல. ஆனால், நாளுக்கு நாள் கூடும் தலைவலியோடு காலையில் வாந்தி, புதிதாக வரும் வலிப்பு, பார்வைக் கோளாறு என்றால் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

எஸ்.பி.எம். முடித்து அடுத்து என்ன படிப்பது என்று யோசிப்பவர்களுக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. புற்றுநோய்க்கு எதிரான வேலை மருத்துவர்களுடையது மட்டும் அல்ல. கதிர்வீச்சின் அளவைக் கணக்கிட இயற்பியல் படித்தவர் வேண்டும். மருந்து செய்ய வேதியியல் படித்தவர் வேண்டும். பதிவேட்டைக் காக்கப் புள்ளியியல் படித்தவர் வேண்டும். தாதியர் வேண்டும். பணம் கேட்டு வாதாடச் சட்டமும் சமூக அறிவியலும் படித்தவர்கள் வேண்டும். முத்துலட்சுமி ஒருவரே மருத்துவராகவும், சட்டமன்ற உறுப்பினராகவும், நன்கொடை திரட்டுபவராகவும் இருந்தார். உங்களில் பத்துப் பேர் அந்த வேலைகளைப் பங்கு போட்டுக்கொள்ளலாம்.

தங்கையைக் காப்பாற்ற அவரால் முடியவில்லை. அந்த மருத்துவமனை திறந்தபோது தங்கை இருந்திருந்தால் நடுத்தர வயதைத் தாண்டியிருப்பார். ஆனால், 1954க்குப் பிறகு அடையாறின் படிகளில் ஏறிய எத்தனையோ தங்கைகளுக்கு, எங்கே போவது என்ற கேள்வி இல்லாமல் போனது. போய்ப் பயன் உண்டா என்று அடுத்த முறை யாராவது குரலைத் தாழ்த்திக் கேட்டால், புதுக்கோட்டையில் பிறந்த ஒரு பெண் 31 ஆண்டுகள் அதே கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டே இருந்தார் என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு, மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.